ஈரக்காற்று ஊரில் கிரனோலா பார்: மலையேற்றத்துக்கும் நெடும்பயணத்துக்கும் தேர்ந்தெடுப்பதும் வீட்டிலேயே செய்வதும்

மலையேறும்போதும் நெடுநேரம் நடக்கும்போதும் பையில் வைத்துக்கொள்ளக் கிரனோலா பார் வசதியான உணவு; வறுத்த ஓட்ஸையும் பருப்பையும் இனிப்புப் பாகில் பிடித்து, அழுத்தி வெட்டிய துண்டு அது. சமைக்க வேண்டாம், தட்டு வேண்டாம், கை கழுவத் தண்ணீர் தேட வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் சோற்றுப் பொதியைவிடப் பல மடங்கு ஆற்றல் தருவது. ஆனால் குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகளைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படியே பின்பற்றுபவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நிறையத் தேனும் பேரீச்சம்பழமும் விட்டுப் பிசைந்து, மேலே சாக்லேட் பூசி, குளிர்பெட்டியில் இறுக வைத்து, பார்வைக்கு அழகாக இருந்த 12 பார்களை ஒரு வைகாசி மாதத்தில் எங்கள் மாவட்டத்து மலைக்காட்டில் உள்ள காளிகேசத்துக்கு எடுத்துச் சென்றேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பையைத் திறந்தபோது பார் என்று சொல்லத்தக்க எதுவும் உள்ளே இல்லை; காகிதத்தோடு ஒட்டிய ஒரு களிதான் இருந்தது, அதை விரலால் வழித்துத் தின்றோம்.

அன்றைக்குப் புரிந்தது, இந்த ஊரில் பாரின் தரத்தை முடிவு செய்வது ஓட்ஸோ பருப்போ அல்ல, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இனிப்புப் பாகுதான் என்பது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மழைக்காடு, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே எட்டிப்பார்க்கும் நிலம். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்துக்கு ஈடுகொடுக்கும் பாகைத் தேர்ந்தெடுப்பது, சரியான பதத்தில் இறக்குவது, செய்து முடித்த பிறகு காற்றுப் படாமல் காப்பது ஆகிய மூன்றையும் சுற்றியே இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

கிரனோலாவின் தொடக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1863-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் முழுக்கோதுமை மாவைச் சுட்டு உடைத்து 'கிரனுலா' என்ற பெயரில் நோயாளிகளுக்குக் கொடுத்தார். பின்னர் ஜான் ஹார்வி கெல்லாக் அதே போன்ற ஒன்றைச் செய்து, பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் 'கிரனோலா' ஆக்கினார். ஓட்ஸும் பருப்பும் இனிப்பும் சேர்ந்து பாராக மாறியது அதற்கும் வெகுகாலம் பிறகு. வறுத்த தானியத்தையும் பருப்பையும் பாகில் பிடித்து வழிநடைக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பொரிவிளங்காயும் முந்திரிக்கொத்தும் கடலை மிட்டாயும் அந்த வகைதான். நான் முதன்முதலாகச் சரியாகச் செய்த பாரைத் தின்று பார்த்துவிட்டு, "இது பொரிவிளங்காய்க்குத் தம்பி முறை" என்று என் அம்மா சொன்னார். பல்லுக்கு இதமாக இருப்பதுதான் தம்பியின் சிறப்பு.

கடையில் வாங்குவதானால்

எல்லாரும் வீட்டில் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். நாகர்கோவிலிலிருந்து மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்ற நிலையில் கடையில் வாங்குவதே அறிவு. ஆனால் உறையின் முன்புறத்தைப் படித்து வாங்கக் கூடாது. பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் பார்த்தாலே பாதிச் செய்தி தெரிந்துவிடும். ஓட்ஸ், பருப்பு, விதை ஆகியவை முதலில் வந்தால் அது உணவு. குளுக்கோஸ் சிரப்பும் சர்க்கரையும் முதலில் வந்தால் அது ஓட்ஸ் தூவிய மிட்டாய். இங்கே ஒரு தந்திரம் உண்டு. சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் முதலிடத்துக்கு வந்துவிடும் என்பதால், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், பேரீச்சம்பழச் சாறு என்று நான்கைந்தாகப் பிரித்து அச்சிட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அவற்றை மனத்துக்குள் கூட்டிப் பார்க்க வேண்டும்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற மாற்று இனிப்புகளின் பெயர்கள் உள்ளனவா என்று தேடுங்கள். இவை குடலில் முழுமையாகச் செரிப்பதில்லை; கூடுதலாகத் தின்றால் வயிறு இளகும். வீட்டில் இருக்கும்போது அது சிறு தொல்லை. மலைப்பாதையில் நடுவழியில் அது பெருந்தொல்லை. சாக்லேட் பூச்சு உள்ள பார்களை நான் வாங்குவதே இல்லை. கோகோ வெண்ணெய் சுமார் 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். வெயிலில் நின்ற பையின் உட்புறம் அந்தச் சூட்டை எளிதில் எட்டும். 'புரோட்டின் பார்' என்று விற்கப்படுவது வேறொரு சரக்கு. உடற்பயிற்சிக்குப் பின் தசைக்காகத் தின்பதற்கு அது பொருந்தலாம், ஏற்றத்தில் கால் ஓயும்போது உடனே ஆற்றல் தருவதற்கு மாவுச்சத்துள்ள கிரனோலா பாரே மேல். விலையை ஒரு பாருக்கு இவ்வளவு என்று பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள், ஏனெனில் 20 கிராம் பாரும் 40 கிராம் பாரும் ஒரே அளவு உறையில் வருகின்றன. கடைசியாக, கடைவாசலில் வெயில் படும் இடத்தில் தொங்கும் சரத்திலிருந்து வாங்காதீர்கள். பருப்பெண்ணெய் வெப்பத்தில் சிக்கு வாடை பிடித்திருக்கும்.

நம் ஊர்ச் சரக்கு

வீட்டில் செய்வதென்றால், ஓட்ஸ் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இந்த மாவட்டத்திலேயே நல்ல தரத்தில் கிடைக்கும். ஓட்ஸில் முழுத் தட்டை ஓட்ஸ் வாங்க வேண்டும். உடனடியாக வேகும் வகை மெல்லியதாகவும் நொறுங்கியதாகவும் இருப்பதால் பாகில் விழுந்ததும் கூழாகிவிடும். உடைத்த ஓட்ஸ் வறுத்தாலும் கல்லாக நிற்கும். ஓட்ஸில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கெட்டி அவல் சேர்ப்பது என் வழக்கம். வறுத்த அவலின் மொறுமொறுப்பு ஓட்ஸுக்கு வராது.

எங்கள் பக்கத்தில் அண்டிப்பருப்பு என்று சொல்லும் முந்திரிப்பருப்பை முழுதாக வாங்க வேண்டாம். எப்படியும் உடைக்கத்தான் போகிறோம். முந்திரி ஆலைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் பிளவும் துண்டும் குறைந்த விலையில் கிடைக்கும், சுவையில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. நிலக்கடலையை வாங்கும்போது சுருங்கியதும் நிறம் மாறியதும் பூசணம் பட்டதும் இருந்தால் இரக்கமில்லாமல் பொறுக்கி எறிய வேண்டும். அவற்றில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும், அது வறுத்தாலும் முழுமையாகப் போகாது.

தேங்காயில்தான் பலர் தவறுகிறார்கள். பச்சைத் தேங்காய்த் துருவலில் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை எவ்வளவு வறுத்தாலும் உள்ளே ஈரம் தங்கி, மூன்றாம் நாளே பாரில் புளித்த வாடை வரும். நன்கு காய்ந்த கொப்பரையைத் துருவிக்கொள்ள வேண்டும், அல்லது கடையில் விற்கும் உலர்துருவலை வாங்க வேண்டும்.

பழத்துக்கு, ஏத்தன் பழத்தை (நேந்திரன் வாழை) நீளவாக்கில் சீவி மூன்று நாள் கடும் வெயிலில் உலர்த்திய வற்றல் எனக்குப் பிடித்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் மணத்தில் சிறந்ததுதான், ஆனால் அது மென்மையானது. உலர்த்தினால் பிசினாகிறது என்பதால் அதைக் கையில் உரித்துத் தின்பதற்கு விட்டுவிடுகிறேன். மழைக்காலத்தில் வற்றல் போட முடியாது. அப்போது உலர்திராட்சை போதும். எதுவானாலும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உலர்பழத்தின் உள்ளே எஞ்சியிருக்கும் ஈரம் மெல்ல மெல்ல ஓட்ஸுக்குள் இறங்கிப் பாரை முழுவதும் நமுத்துப்போகச் செய்யும்.

தேனா, கருப்பட்டியா

இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேலைநாட்டுச் செய்முறைகள் தேனை மட்டுமே நம்புகின்றன. நமக்கோ நல்ல தேனுக்குப் பஞ்சமில்லை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம மேம்பாட்டு மையம் மரப்பெட்டிகளில் தேனீ வளர்ப்பதைப் பரப்பியதிலிருந்து, அந்த வட்டாரம் தேனுக்குப் பெயர் பெற்றது. மார்த்தாண்டம் தேனுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரப்பர் தோட்டங்களில் மரம் புதுத்தளிர் விடும் காலத்தில் எடுக்கும் தேன் அதில் பெரும்பங்கு. ஆனால் எவ்வளவு நல்ல தேனானாலும் அதற்கு ஓர் இயல்பு உண்டு. அதில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே தேன் ஈரம் உறிஞ்சத் தொடங்கிவிடும். நம் ஊரில் அதற்குக் குறைவாக இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலர்ந்த நாட்டில் பாரை மென்மையாக வைத்திருக்கும் அதே குணம் இங்கே அதைக் களியாக்குகிறது.

கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் உள்ள அதே சர்க்கரை. அது தேனளவுக்கு ஈரத்தை இழுப்பதில்லை, ஆறும்போது கெட்டியாக இறுகுகிறது. அதற்காகக் கருப்பட்டிக்கு ஈரமே ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம்; ஆடி மாதத்தில் திறந்து வைத்த கருப்பட்டி கசிந்து ஒழுகுவதை எல்லாரும் பார்த்திருப்போம். அதனால்தான் பழைய வீடுகளில் அதை அடுப்புக்கு மேலே பரணில், புகையும் சூடும் படும் இடத்தில் வைத்தார்கள். ஆனால் கருப்பட்டியை மட்டும் பாகாகக் காய்ச்சினால் பார் கடலை மிட்டாய் போல உடையும், சில வேளை மணல் மணலாகப் பூத்தும் போகும். சிறிது தேன் சேர்ந்தால் அந்தப் பூத்தல் தடைபடும், கடிக்கவும் இளக்கமாக இருக்கும். பல முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில், கருப்பட்டி நான்கரைப் பங்கும் தேன் ஒரு பங்கும் என்பது எனக்குப் பொருந்திய அளவு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்று உலர்ந்து வீசும். அங்கே உள்ளவர்கள் தேனைச் சற்றுக் கூட்டலாம். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்கள் கூட்டாமல் இருப்பதே நல்லது.

கருப்பட்டி வாங்கும்போது, அக்கானி (பதநீர்) இறக்கும் பருவத்தில், அதாவது பங்குனி முதல் வைகாசி வரையில், தெரிந்த இடத்தில் வாங்கிச் சேமித்துக்கொள்வது சிறந்தது. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய உண்டு. நாக்கில் வைத்தால் தூய கருப்பட்டியில் இனிப்போடு மெல்லிய உப்புக்கரிப்பு தெரியும். சீனி கலந்ததில் வெறும் இனிப்புதான். 

அளவு

18 பார்களுக்கான அளவு இது. தட்டை ஓட்ஸ் 200 கிராம், கெட்டி அவல் 50, அண்டிப்பருப்புத் துண்டு 80, தோல் நீக்கிய நிலக்கடலை 70, எள் 30, உலர்ந்த தேங்காய்த் துருவல் 40, பொடியாக நறுக்கிய ஏத்தன் வற்றலோ உலர்திராட்சையோ 60 கிராம். பாகுக்குக் கருப்பட்டி 200 கிராம் (மண்ணும் நாரும் வடிகட்டிய பின் 180 அளவில் நிற்கும்), தேன் 40, நெய் 20 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஆறு. மலைக்கிராம்பு விரும்புபவர்கள் இரண்டை மட்டும் பொடித்துச் சேர்க்கலாம். மூன்றாவது கிராம்பு மற்ற எல்லா மணத்தையும் விழுங்கிவிடும்.

நெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் ஊற்றலாமா என்று நம் ஊரில் எல்லாரும் கேட்பார்கள். மணம் அருமையாக இருக்கும். ஆனால் தேங்காயெண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகிவிடும். மார்கழி விடியலில் புட்டியில் உறைவதைத் தவிர, ஆண்டு முழுவதும் அது இங்கே நீர்மமாகத்தான் இருக்கிறது. பாரைப் பிடித்து வைப்பதில் அதனால் எந்த உதவியும் இல்லை. நெய் அதைவிடச் சற்றுப் பொறுக்கும். தேங்காயெண்ணெய்தான் வேண்டும் என்றால் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

வறுத்தல்

இதற்கு அவன் (oven) என்னும் சூட்டடுப்பு தேவையில்லை, அடி கனத்த உருளியோ இரும்பு வாணலியோ போதும். முதலில் ஓட்ஸைச் சிறுதீயில் 10 முதல் 12 நிமிடம், கை ஓயாமல் கிளறி வறுக்க வேண்டும். ஓரங்கள் பொன்னிறமாகி, வறுத்த பயறு போன்ற மணம் எழும்போது இறக்கலாம். மணத்துக்காக மட்டும் வறுப்பதில்லை. கடையில் வாங்கும் ஓட்ஸிலேயே ஈரம் இருக்கிறது, அதை விரட்டுவதே முதல் நோக்கம். நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் ஈரத்தை 0 முதல் 1 வரை ஓர் அளவுகோலில் குறிப்பார்கள், அது 0.6-க்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. நம்மிடம் அதை அளக்கும் கருவி இல்லை என்பதால் கையையும் பல்லையும்தான் நம்ப வேண்டும்: ஆறிய ஓட்ஸை விரலிடுக்கில் நசுக்கினால் வளையாமல் பொடிய வேண்டும்.

அடுத்து அவல், அதற்கடுத்து அண்டிப்பருப்பு, நிலக்கடலை, எள், கடைசியாகத் தேங்காய்த் துருவல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும். எள் இரண்டே நிமிடத்தில் வெடிக்கத் தொடங்கும், பருப்புக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். சேர்த்துப் போட்டால் ஒன்று கருகும்போது மற்றொன்று பச்சையாக இருக்கும். தேங்காய்த் துருவல் நிறம் மாறத் தொடங்கியதும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், சூடான சட்டியிலேயே அது கருகிவிடும். பருப்பையும் கடலையையும் ஒன்றிரண்டாக உடைத்து, பழம் தவிர எல்லாவற்றையும் அகன்ற பாத்திரத்தில் கலந்து, மூடி போட்டுச் சூடு ஆறாமல் வையுங்கள். கலவை ஆறியிருந்தால் பாகு பட்ட இடத்திலேயே இறுகி, கட்டி கட்டியாக நிற்கும். பழத்தைப் பாகு ஊற்றுவதற்குச் சற்று முன்னால் தூவினால் போதும்.

பாகு

கருப்பட்டியைத் தட்டி உடைத்து, கால் குவளைத் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் மலையுச்சியில் முதல் கடியிலேயே மண் பல்லில் நறநறக்கும். பிறகு ஆழமான பாத்திரத்தில் ஊற்றி நடுத்தீயில் காய்ச்சுங்கள். கருப்பட்டிப் பாகு பால் போலப் பொங்கும், ஆகையால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். அதன் சூடு தண்ணீர்ச் சூட்டைவிட அதிகம், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பிள்ளைகளை அந்த நேரத்தில் அடுப்படியில் விட வேண்டாம்.

பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சிறு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு, நுரை சிறுத்துக் குமிழ்கள் கெட்டியாக எழத் தொடங்கியதிலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு துளி விட்டுப் பாருங்கள். முதலில் துளி கரையும். பிறகு கரையாமல் அடியில் படியும், கையில் எடுத்தால் பிசுபிசுக்கும். இது முந்திரிக்கொத்துக்குப் போதும், நமக்குப் போதாது. அடுத்ததாக, விரலால் உருட்டினால் உருண்டையாகி, வெளியே எடுத்து வைத்த பின்னும் தட்டையாகச் சரியாமல் நிற்கும், அழுத்தினால் மட்டும் விட்டுக்கொடுக்கும். அந்த உருண்டைப் பதம்தான் நமக்கு வேண்டியது. அதையும் தாண்டி, தட்டில் போட்டால் 'டிங்' என்று ஒலிக்கும் நிலைக்குப் போய்விட்டால் அது கடலை மிட்டாய்ப் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 120 முதல் 122 பாகையில் இறக்கலாம். தேனில் தண்ணீர் இருப்பதால் அதைச் சேர்த்ததும் பதம் சற்று இளகும். அதை எண்ணித்தான் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சுகிறோம். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல். தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் ஓரிரு பாகை ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகே தேனையும் நெய்யையும் உப்பையும் சுக்கையும் ஏலக்காயையும் சேர்க்க வேண்டும். ஒரு முறை நன்றாகக் கலக்கி, சூடான தானியக் கலவையின் மேல் பரவலாக ஊற்றி, நீளமான மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தில் தொலைபேசி அடித்தால் எடுக்காதீர்கள்.

அழுத்தல், வெட்டல்

20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தட்டில் நெய் தடவிய பட்டர் தாளை விரித்துக் கலவையைக் கொட்டி, அடி தட்டையான கிண்ணத்தால் மூலைகளிலிருந்து நடுவுக்கு அழுத்திக்கொண்டு வாருங்கள். மென்மையாகத் தட்டினால் போதாது, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். இடையில் காற்று தங்கினால் பார் உதிரும், அந்த இடைவெளி வழியாக ஈரமும் நுழையும். ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனத்தில் அது வந்து நிற்கும். வீட்டில் அவன் இருந்தால் 150 பாகையில் 12 நிமிடம் வைத்து எடுக்கலாம். மேற்புறம் உலர்ந்து இன்னும் சில நாள் கூடுதலாகத் தாங்கும்.

12 முதல் 15 நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, நீளமான கத்தியால் அகலத்தை இரண்டாகவும் நீளத்தை ஒன்பதாகவும் வகுத்து வெட்டுங்கள். கத்தியை இழுக்காமல் மேலிருந்து கீழே அழுத்த வேண்டும். முழுவதும் ஆறிய பின் வெட்ட முயன்றால் கோணல் மாணலாக உடையும். வெட்டிய பின் தட்டிலேயே இரண்டு மணி நேரம் ஆறவிட்டுப் பிரித்தெடுங்கள். விரைவாக இறுகட்டும் என்று குளிர்பெட்டியில் வைப்பது இங்கே தவறு. வெளியே எடுத்ததும் குளிர்ந்த பாரின் மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும், நாம் பட்ட பாடெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வீணாகும்.

ஒவ்வொரு பாரும் ஏறக்குறைய 42 கிராம் இருக்கும். சேர்மானங்களின் வழக்கமான மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 185 கலோரி, 25 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும், 4 கிராம் புரதம் வரும். கருப்பட்டி போட்டதால் இது சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடலைப் பொறுத்தவரை கருப்பட்டியும் சர்க்கரைதான். தேன் இருப்பதால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சிறு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. உடன் வருபவர்களில் யாருக்காவது கடலையோ முந்திரியோ ஒவ்வாது என்றால், அவற்றுக்குப் பதிலாகப் பொரிகடலையும் பூசணி விதையும் சேர்த்துத் தனியாக, கழுவிய சட்டியில் செய்ய வேண்டும்.

இனிப்பே திகட்டுகிறது என்பவர்களுக்கு ஒரு மாற்று. அவலை விட்டுவிட்டு அதே எடையில் உப்புப் போட்ட ஏத்தங்காய் சிப்ஸைக் கையால் நொறுக்கிச் சேர்த்து, பாகில் உப்பைப் பாதியாக்கி, கால் தேக்கரண்டி நல்லமிளகுப் பொடி (கருமிளகுப் பொடி) தூவுங்கள். வியர்த்துக் கொட்டும் ஏற்றத்தில் நாக்கு இதைத்தான் தேடும். சிப்ஸ் அன்றோ முந்தின நாளோ பொரித்ததாக இருக்க வேண்டும். பழைய சிப்ஸின் சிக்கு வாடை பார் முழுவதும் பரவிவிடும். இந்த வகை ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

பொதிவதும் எடுத்துச் செல்வதும்

ஒவ்வொரு பாரையும் பட்டர் தாளில் இறுகச் சுற்றி, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். பொதிச்சோற்றுக்கு வாட்டிய வாழையிலை எவ்வளவு பொருத்தமோ, இதற்கு அவ்வளவு பொருத்தமற்றது. இலையின் ஈரம் பாருக்குள் போகும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்தும் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய பாரின் பளபளப்பு உறையைக் காட்டுக்குள் விட்டுவராமல் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இப்படிப் பொதிந்தவை உலர்ந்த மாதங்களில் மூன்று வாரமும், ஆனி ஆடியில் பத்து நாளும் என் வீட்டில் தாங்கியிருக்கின்றன. டப்பாவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போகிறது என்பதால், ஒரு பெரிய டப்பாவைவிட இரண்டு சிறிய டப்பாக்கள் நல்லது.

எத்தனை எடுத்துச் செல்வது என்பது நடையைப் பொறுத்தது. சிதறால் மலைக்கோவிலுக்கோ வட்டக்கோட்டைக் கடற்கரைக்கோ போய்த் திரும்புவதற்கு ஆளுக்கு ஒன்றே அதிகம். மருந்துவாழ்மலையின் உச்சி வரை ஏறி இறங்க இரண்டு வேண்டும். வனத்துறை அனுமதியோடு மாறாமலை, கீரிப்பாறை போன்ற காட்டுப் பகுதிகளுக்கு நாள் முழுவதும் போவதானால், கடும் நடை ஒரு மணி நேரத்தைத் தாண்டும்போது உடலுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும் என்ற கணக்கில், மணிக்கு ஒன்றிரண்டு வீதமும் அவசரத்துக்கு இரண்டும் வைத்துக்கொள்ளலாம். பசித்த பிறகு தின்பது தாமதம். நடக்கத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முதல் பாரைப் பாதியாக உடைத்துத் தின்னத் தொடங்குங்கள். ஓட்ஸ் வயிற்றில் தண்ணீரை இழுக்கும், ஆகவே ஒவ்வொரு பாருக்கும் ஒரு குவளைத் தண்ணீராவது குடிக்க வேண்டும். வியர்வையில் போகும் உப்பைப் பாரில் உள்ள அரைச் சிட்டிகை ஈடுசெய்யாது. உப்புப் போட்ட மோரோ கஞ்சித்தண்ணீரோ ஒரு புட்டியில் உடன் வரட்டும். டப்பாவைப் பையின் வெளிப்பக்க அறையில் வைக்காதீர்கள். குரங்குகளுக்கு ஜிப்பைத் திறக்கத் தெரியும்.

சரியாக வராவிட்டால்

பார் வெட்டும்போதே உதிர்ந்தால், அழுத்தம் போதவில்லை, அல்லது கலவை ஆறியிருந்தது. சிறிது பாகு காய்ச்சிச் சேர்த்துப் பிசைந்து மறுபடி அழுத்தலாம். கல்லாக இறுகியிருந்தால் பதம் மிஞ்சிவிட்டது. அதைத் திருத்த வழியில்லை, சிறு துண்டுகளாக உடைத்து மிட்டாயாக வாயில் ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாளிலேயே பிசுபிசுத்தால் பதம் குறைவு. 150 பாகை அவனிலோ, மிகச் சிறு தீயில் தடித்த தோசைக்கல்லின் மேல் தட்டோடு வைத்தோ கால்மணி நேரம் சூடேற்றினால் ஓரளவு தேறும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் முகர்ந்து பாருங்கள்: வாடை இல்லாமல் நாக்கில் கரைந்தால் அது சர்க்கரைப் பரல், தின்னலாம், பஞ்சு போல இருந்து மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை, அந்த டப்பாவில் உள்ள எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், பூஞ்சை பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு மற்றதைத் தின்னக் கூடாது.

தட்டின் அடியிலும் ஓரங்களிலும் எப்படியும் ஒரு கைப்பிடி தூள் மிஞ்சும். அதை ஒரு புட்டியில் போட்டு வையுங்கள். பயணத்தன்று விடியற்காலையில், அடுப்பு மூட்ட நேரமில்லாதபோது, இரண்டு மட்டிப் பழத்தைப் பிசைந்து, பால் விட்டு, மேலே இந்தத் தூளைத் தூவினால் காலை உணவு ஆயிற்று.